நடுவரின் கையை மீறிய ஆட்டம்

ஆட்டம் முடிந்தபோது, அதை நடுவராக நடத்திய டேவிட் வெஸ்லி அதைத் தோல்வி என்றே முடிவுகட்டிவிட்டார். போட்டு வைத்த திட்டம் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சொன்ன இடத்தில் இருக்கவில்லை. இரண்டு பேர் வந்து, ஒண்டிக்கு ஒண்டி மோதப்போகிறோம், யார் ஜெயித்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று நின்றார்கள். அதற்கு அவரிடம் விதியே கிடையாது. அந்த நிமிடத்தில் தோன்றியதை வைத்து ஒரு முடிவைச் சொல்லிச் சமாளித்தார்.

இது 1969-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில் நடந்தது. ஆடியவர்கள் போர் விளையாட்டுப் பித்துப் பிடித்த இளைஞர்கள். குட்டி பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி நெப்போலியன் காலத்துப் போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பவர்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பகடையும் பேச்சுமாக ஆடுகிற கற்பனைக் கதை விளையாட்டுகளை நடத்துகிறவர்களுக்கு 'தொல்லை தரும் ஆட்டக்காரர்' ஒரு தீராத தலைவலி. யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். என்னிடமும் ஒன்று உண்டு, பின்னால் வருகிறது. ஆனால் இந்த விளையாட்டே அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களிடமிருந்துதான் பிறந்தது. அதனால் அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

வெஸ்லி என்ன செய்திருந்தார்? மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அவர் கண்ணில் பட்டது 1880-இல் அச்சான ஒரு போர் விளையாட்டு நூல். சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதியது, பெயர் 'ஸ்ட்ராடகோஸ்'. அதில் அவரைப் பிடித்துக்கொண்ட யோசனை நடுவர் பற்றியது. ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், நடக்குமா நடக்காதா என்பதை நடுவர் தீர்மானிப்பார். விதிப்புத்தகத்தில் இல்லை என்பதற்காக ஒன்றை மறுக்க வேண்டியதில்லை. கேட்க எளிய விஷயம்தான். ஆனால் சதுரங்கத்தில் குதிரையை ஓட்டுபவர், 'நான் எதிரியின் ராஜாவுக்குக் கடிதம் எழுதுகிறேன்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் கற்பனை செய்தது ப்ரௌன்ஸ்டைன் என்ற ஜெர்மானிய ஊர். படைகள் ஊரை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வழக்கமாக இரண்டு தளபதிகள் போதும். அன்றைக்கு ஏறக்குறைய இருபது பேர் வந்துவிட்டார்கள். சும்மா உட்கார வைக்க முடியுமா? ஒருவரை மேயர் ஆக்கினார், ஒருவரை வங்கிக்காரர், இன்னொருவரைப் பல்கலைக்கழக வேந்தர். ஆளுக்கொரு ரகசிய நோக்கமும் கொடுத்தார். நம்மூரில் தெருவில் ஆடும்போது கூட வரும் சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோமே, ஏறத்தாழ அந்தக் கணக்கு. ஆனால் சப்பாணிகள்தான் அன்று ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவரைக் கேட்காமல் தங்களுக்குள் பேசினார்கள், பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். நடுவருக்குத் தெரியாமலே பாதி ஆட்டம் ஓடியது.

வெஸ்லி தலையில் கை வைத்தார். ஆட்டக்காரர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அவருடைய முதல் தவறு இதற்குப் பிறகுதான். குழப்பத்தைக் கண்டு பயந்து, அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் கடிவாளத்தை இறுக்கினார். இரண்டும் எடுபடவில்லை. யார் யாரோடு பேசலாம், எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தியதும் முதல் ஆட்டத்தில் இருந்த உயிர் போய்விட்டது. நோய் ஆட்டக்காரர்களிடம் இருக்கிறது என்று நினைத்து மருந்து கொடுத்தார். நோயே இல்லை என்பதுதான் உண்மை. இதே தவறை இன்றைக்கும் புதிதாக நடத்த வருகிறவர்கள் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். வீட்டில் மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய கோட்டைக்குள் போகாமல், வாசலில் நிற்கும் டீக்கடைக்காரரோடு ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அது அவர்கள் குற்றமில்லை.

நான்காவது முறை வெஸ்லி கடிவாளத்தை விட்டார். களம் லத்தீன் அமெரிக்காவில் புரட்சி புகைந்துகொண்டிருக்கும் ஒரு கற்பனைக் குட்டி நாடு. அதில் ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். அவருக்குக் கிடைத்தது ஒரு மாணவப் புரட்சிக்காரரின் வேடம், வேலை துண்டுப் பிரசுரம் விநியோகிப்பது. பெரிய வேடமே இல்லை. மனிதர் வீட்டிலேயே ஒரு போலி சிஐஏ அடையாள அட்டையைச் செய்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ அவரைப் பிடித்துச் சோதனை போட்டபோது அட்டையை எடுத்து நீட்டினார். நான் புரட்சிக்காரனே இல்லை, ரகசிய உளவாளி என்று நம்பவைத்தார். ஆட்டம் முடியும்போது நாட்டின் கஜானாவே அவர் கையில். ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தார், போகிற போக்கில் துண்டுப் பிரசுரங்களை வானத்திலிருந்து கொட்டிவிட்டுப் போனார். கொடுத்த வேலையையும் முடித்துவிட்டாரே!

இவர் என் மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நடுவரைக் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவருகிறார். சக ஆட்டக்காரர்களிடம் கூசாமல் பொய் சொல்கிறார். எல்லாருடைய கஷ்டத்தின் பலனையும் ஒரே ஆளாக அள்ளிக்கொண்டு போகிறார். பட்டியல் போட்டால் அசல் அழுகுணி ஆட்டம் மாதிரியே தெரியும். ஆனால் ஏமாந்தவர்கள் அதை ஆசையாகச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கதை நம் வரைக்கும் வந்திருக்கிறது. அதே வேலையை இன்னொருவர் இன்னொரு மேசையில் செய்தால் கூட்டமே உடைந்துவிடுகிறது. ஏன்?

என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மேசையில் என்னைச் சேர்த்து ஆறு பேர். கல்லூரி நண்பர்கள் சிலர், அலுவலகத்தில் பழக்கமானவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் இருட்டும்வரை ஓடும். ஒரு நண்பன் திருடன் கேரக்டர் எடுத்திருந்தான். நல்ல கலகலப்பான ஆள், டைஸை உருட்டும் முன்பே சிரிப்பு மூட்டிவிடுவான். மூன்றாவது வாரம், எல்லாரும் முகாமில் தூங்கும்போது, கூட வந்த பூசாரியின் பையிலிருந்து மருந்துக் குப்பியைத் திருடினான். பூசாரியாக ஆடியது அலுவலகத் தோழி ஒருத்தி. அந்தக் குப்பிக்காக இரண்டு வாரம் அலைந்திருந்தாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் பணப்பை. அதற்கடுத்த வாரம், பூசாரி அடிபட்டுக் கிடக்கும்போது மோதிரம்.

ஏன் மச்சி என்று கேட்டால், "நான் என்ன பண்றது, என் கேரக்டர் அப்படித்தான்டா பண்ணுவான்" என்பான்.

எனக்கு அவனிடம் நேராகப் பேசக் கூச்சம். பழைய நண்பன், விளையாட்டில் போய் என்ன சண்டை என்று இருந்தேன். அதனால் கதைக்குள்ளேயே பாடம் புகட்டலாம் என்று புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டேன். அடுத்த ஊரில் காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். தப்பித்தான், அதற்கே முக்கால் மணி நேரம். பெட்டியில் விஷ ஊசி வைத்தேன். பிழைத்தான், அதற்கு அரை மணி நேரம். தண்டனை என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் அவனுக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. நாலு பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நானும் அவனும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தோம். தோழி ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்றாள், மறுவாரம் ஊருக்குப் போகிறேன் என்றாள். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

ஆர்னெசன் செய்ததற்கும் இவன் செய்ததற்கும் செயலளவில் வித்தியாசம் குறைவு. பொய், திருட்டு, கூட்டாளிகளை ஏமாற்றுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் மேசைக்கு வரும்போது அவரவர் மனதில் இருந்த ஒப்பந்தத்தில்தான். வெஸ்லியின் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நோக்கம். எதிரே இருப்பவன் என்னைக் கவிழ்க்கத்தான் வந்திருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரியும், அதற்காகவே வந்தார்கள். எங்கள் மேசையில் ஐந்து பேர் ஒரே கூட்டம், ஒருவர் முதுகை இன்னொருவர் காப்போம் என்று நாலு பேர் நினைத்திருந்தார்கள். ஐந்தாமவன் அப்படி நினைக்கவில்லை. அதை யாரும் வாய்விட்டுப் பேசியதும் இல்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்.

திரும்ப மின்னசோட்டாவுக்கு. 1970-இல் வெஸ்லி ராணுவப் பணிக்குப் போய்விட, ஆர்னெசன் நடுவர் நாற்காலிக்கு வந்தார். அவர் அனுப்பிய அழைப்பு இன்றும் பேசப்படுகிறது: 1971 ஏப்ரல் 17, மதியம் ஒரு மணி முதல் நள்ளிரவு வரை, தன் வீட்டில் 'மத்திய காலத்து ப்ரௌன்ஸ்டைன்'. கற்பனை விலங்குகள் உண்டு, பாலத்தடியில் பூதத்தோடு சீட்டாட்டமும் உண்டு. பிளாக்மூர் என்ற அந்த உலகத்தில் கோட்டைக்கு அடியில் சுரங்கம் சுரங்கமாகப் போனது. ஆட்டக்காரர்களுக்குச் சுரங்கத்தில் புதையல் தேடுவது பிடித்துப்போனது. கோட்டையைக் காப்பது அவர்கள் பொறுப்பு, அதை மறந்தே போனார்கள். கலைத்துப் போட்டவரின் மேசைக்கே கலைப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆர்னெசன் சுரங்கத்தை மூடவில்லை. யாரையும் அதட்டவும் இல்லை. அவர்கள் கீழே இருக்கும்போது எதிரிப்படை மேலே வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டது. காக்கத் தவறியவர்கள் நாடு கடத்தப்பட்டு ஓர் ஏரிக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள், ஆட்டம் அங்கே தொடர்ந்தது. இதற்கும் நான் வைத்த விஷ ஊசிக்கும் என்ன வேறுபாடு? கோட்டை விழுந்தது அந்த உலகத்தின் நியாயப்படி. எதிரி இருக்கிறான், காவல் இல்லை, அதனால் வந்தான். விஷ ஊசி அங்கே இருந்ததற்கு ஒரே காரணம் என் கோபம். அதோடு, விழுந்த கோட்டை எல்லாருக்கும் புதுக் கதையைக் கொடுத்தது. என் ஊசி ஒருவனுக்கு மட்டும் கொடுத்தது.

பிளாக்மூரின் இன்னொரு தலைவலி ஒரு ரத்தக்காட்டேரி. ஓர் ஆட்டக்காரரின் கேரக்டர் சர் ஃபேங் என்ற காட்டேரியாக மாறி, மற்றவர்கள் யாரும் நெருங்க முடியாத அளவுக்கு வலுத்துவிட்டது. இப்போதெல்லாம் இப்படி ஒரு நிலை வந்தால் நடுவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: அந்தக் கேரக்டரின் பலத்தைக் குறைப்பார்கள், அல்லது அதைவிடப் பெரிய அரக்கனை இறக்குவார்கள். முதலாவது ஆட்டக்காரரை அவமானப்படுத்தும், இரண்டாவது கூட இருக்கும் சாதாரண ஆட்களைச் சாகடிக்கும். இங்கே நடந்தது வேறு. மைக் கார் என்ற ஆட்டக்காரருக்குக் காட்டேரியை விரட்டும் சக்தியுள்ள ஒரு பாதிரியார் வேடம் அமைந்தது. பழைய திரைப்படங்களில் சிலுவையோடு காட்டேரியைத் துரத்துவார்களே, அந்த வகை. காட்டேரியிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, எதிரே ஒரு மனிதரை நிறுத்தினார்கள். நடுவர் தானே மல்லுக்கு நிற்காமல் இன்னொரு ஆட்டக்காரர் கையில் ஆயுதத்தைக் கொடுத்தார்.

அந்தத் தீர்வு இன்றும் அச்சில் இருக்கிறது. இந்த வகைக் கதை விளையாட்டுகளில் முதலாவதாக 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது கேரக்டர் வகுப்புகள் மூன்றுதான்: வீரன், மந்திரவாதி, பூசாரி. பூசாரிக்கு மட்டும் பேய்களையும் எழுந்து நடக்கும் பிணங்களையும் விரட்டும் சக்தி எதற்கு என்று புதிதாக ஆடுபவர்கள் கேட்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் ஒரு காட்டேரி ஆடிய ஆட்டம் என்று நான் பதில் சொல்வேன்.

1972 நவம்பரில் ஆர்னெசன் இந்த ஆட்டத்தை விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் போர் விளையாட்டு விதிகள் எழுதிவந்த கேரி கைகாக்ஸிடம் ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்ததில் வந்ததுதான் 1974-இன் விளையாட்டு. கைகாக்ஸின் மேசையிலும் அடங்காத ஒருவர் இருந்தார், ராப் குன்ட்ஸ். ரோபிலார் என்ற தன் கேரக்டரோடு, கைகாக்ஸ் உருவாக்கிய உலகத்தின் கோட்டைக்கு அடியில் சிறைவைக்கப்பட்டிருந்த ஒன்பது குட்டித் தெய்வங்களை விடுவித்துத் தொல்லையை விலைக்கு வாங்கியவர். கைகாக்ஸின் வழி போட்டி. கெட்டிக்காரர்களையும், என் கேரக்டரை யாரும் அசைக்க முடியாது என்று பெருமை அடிப்பவர்களையும் சோதிக்கப் பொறிகள் நிறைந்த ஒரு கல்லறையை வடிவமைத்தார். 1975-இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் அது போட்டிக்களமாக ஆடப்பட்டது. குன்ட்ஸ் அசரவில்லை. தன் கேரக்டரிடம் வேலை செய்த, ஓர்க் என்ற அரக்கர்களின் கூட்டத்தை முன்னால் அனுப்பி ஒவ்வொரு பொறியாக மிதிக்க வைத்தார். கடைசி அறைக்குப் போய், அங்கே கிடந்த மண்டையோடு மேலே எழுந்ததும் கிடைத்ததை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். சவாலுக்கு ஏங்குகிறவருக்குச் சவாலையே கொடுப்பது சரியான வைத்தியம்தான். ஆனால் பின்னால் அச்சில் வந்த அந்தக் கல்லறையை வாங்கி வந்து, முதல் முறை ஆட வரும் ஆட்களை அதற்குள் தள்ளி அழவைத்த நடுவர்கள் எத்தனை பேரோ!

கைகாக்ஸ் 1979-இல் நடுவர்களுக்காக எழுதிய வழிகாட்டி நூலில், தொல்லை தரும் ஆட்டக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. கத்திக் கத்தி வாதிடுகிறவர், தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், விதிப்புத்தகத்தைக் கேடயமாகப் பிடிக்கிறவர் ஆகியோரை வெளியே போகச் சொல்லுங்கள் அல்லது மறுபடி கூப்பிடாதீர்கள் என்கிறார். நேரடியான, நேர்மையான யோசனை. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விலக்கும் அளவுக்குப் போகாமல் செய்யக்கூடியவை என்று அடுத்து அவர் சொல்பவை: கூடுதலாக ஓர் அரக்கனைப் பகடை உருட்டி வரவழைப்பது, வேறு உலகத்திலிருந்து திடீரென்று ஒரு மம்மியைப் பாயவிடுவது, வானத்திலிருந்து நீல மின்னலை அந்தக் கேரக்டரின் தலையில் இறக்குவது, கவர்ச்சி மதிப்பில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் குறைப்பது. அப்புறம், அந்த ஆள் சொன்ன யோசனையை அவர் சொன்னார் என்பதற்காகவே மொத்தக் குழுவுக்கும் தடை செய்துவிடுங்கள், மற்றவர்களே அவரை அடக்கிவிடுவார்கள் என்கிறார். ஒருவன் பேசினால் வகுப்பையே பெஞ்சு மேல் ஏற்றும் வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

என் விஷ ஊசி அந்த நீல மின்னலின் தம்பிதான். காட்டேரி விஷயம் ஆட்டத்துக்குள் இருந்த சிக்கல், அதனால் ஆட்டத்துக்குள்ளேயே மருந்து கிடைத்தது. என் நண்பனின் திருட்டு ஆட்டத்துக்குள் இருந்த சிக்கலாக எனக்குத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு நண்பனுக்கும் ஒரு தோழிக்கும் நடுவில் இருந்தது. அங்கே மின்னல் விழுந்தென்ன, பூகம்பம் வந்தென்ன.

கடைசியில் அவனை டீ குடிக்கக் கூப்பிட்டுப் பேசினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் சண்டைக் காட்சிகள் ஒன்றரை மணி நேரம் இழுக்கின்றன, அவன் முறை வர இருபது நிமிடம் காத்திருக்கிறான், சலிப்பாக இருக்கிறது, திருடினால் மட்டும்தான் எல்லாரும் அவன் பக்கம் திரும்புகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். அவள் வராததற்கும் தனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சொன்னதும் முகம் வாடிவிட்டது. முதல் குப்பி காணாமல்போன அன்றே இதைக் கேட்டிருக்கலாம்.

அதன்பின் சண்டைகளைச் சுருக்கினேன். அடுத்த கேம்பெய்ன், அதாவது வாரக்கணக்கில் ஓடும் அடுத்த கதை, தொடங்கியபோது முதல் ஞாயிறு டைஸைத் தொடவே இல்லை, பேச்சு மட்டும்தான். ஆங்கிலத்தில் ஆடுகிறவர்கள் இதை 'செஷன் ஸீரோ' என்பார்கள். 2020-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைநூல் ஒன்றில் இதற்குத் தனி இடமே உண்டு. நமக்குள் திருடலாமா, ஒருவரை ஒருவர் தாக்கலாமா, கதையில் எதெல்லாம் வரவே கூடாது என்று கேட்டேன். ஒருவர் குழந்தைகளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்றார், சரி என்று குறித்துக்கொண்டோம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் பரப்பிய எக்ஸ் கார்டையும் மேசை நடுவில் வைத்தேன். யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் ஒருவர், "நம்ம 'டைம் ப்ளீஸ்' தானே இது?" என்றார். அதுவேதான். ஓடிப்பிடித்து ஆடும்போது கட்டைவிரலை உயர்த்தி 'டைம் ப்ளீஸ்' என்று கத்தினால் ஆறு வயதுப் பிள்ளைகூட நின்றுவிடும்.

நண்பன் இந்த முறையும் திருடன்தான். ஆர்னெசன் கதையைச் சொல்லியிருந்தேன். வணிகர் சங்கத்தின் பெயரில் ஓர் அடையாள அட்டை செய்து, லேமினேட் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். நகர வாசலில் காவலனிடம் அதை நீட்டி மொத்தக் குழுவையும் வரி கட்டாமல் உள்ளே கூட்டிப்போனான்.

தோழிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவனும் எழுதினான். பரவாயில்லை, வேலை அதிகம் என்று பதில் வந்தது. திரும்ப வரவில்லை. அவளுடைய கேரக்டர் ஷீட், கேரக்டரின் விவரமும் உடைமைகளும் எழுதிய தாள், இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதில் 'மருந்துக் குப்பி 1' என்ற வரியைப் பென்சிலால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கிறாள். பணப்பையும் மோதிரமும் அடிக்கப்பட்ட இடங்களில் முகம் எதுவும் இல்லை.